லைன்ல இரைச்சல்

ஆணி ரொம்ப அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. ஆபீஸ் ஆணி பாதின்னா வீட்டு ஆணி மீதி. பாத்ரூம்ல டைல்ஸ் பேத்து, சுவரைக் குடைஞ்சு, பைப் மாத்தி, திரும்ப ஒட்டி, இப்பத்தான் வீடு வீடா இருக்கு. அந்தக் கதையைத்தான் எழுத உக்காந்தேன். ஆனா அதை ஒழுங்கா சொல்லணும்னா நான் என்ன வேலை பாக்கறேன்னு முதல்ல சொல்லியாகணும். நடுவுல கொஞ்சம் சைன்ஸ் வரும். பயந்து ஓடிடாதீங்க.

அப்பா போன வருஷம் ஜூன்ல புனே வந்தார். மாயவரத்துக்குப் பக்கத்து கிராமம் எங்களுது. அம்மா போனப்புறம் நாலு வருஷம் தனியாவே பொங்கித் தின்னுட்டிருந்தார். கூப்பிட்டப்பல்லாம் "அங்க வந்து நான் யார்கிட்ட பேசறது, எல்லாம் இந்தியும் மராட்டியும்"னு தட்டிக் கழிச்சார். கடைசியில காதுதான் அவரைக் கொண்டு வந்து சேத்துது. போன்ல நான் ஒண்ணு கேட்டா அவர் ஒண்ணு சொல்லுவார். இங்க வந்ததும் முதல் வேலையா காது மெஷின் வாங்கி மாட்டி விட்டோம்.

மாட்டின அன்னிக்கு சாயங்காலமே புகார். குக்கர் விசிலுக்குத் தூக்கிப் போடுது, ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி இருக்கு, பேப்பர் பொரட்டினா இடி இடிக்குது.

"எல்லாம் கேக்குதுடா. நீ பேசறதுதான் கேக்கல."

தங்கமணியும் பொண்ணும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு மட்டும் திக்குனு இருந்துச்சு. ஏன்னா எங்க ஆபீஸ் கதையும் அச்சு அசல் இதேதான்.

நான் விஞ்ஞானி கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கோடு எழுதிட்டிருந்த சாதா கம்ப்யூட்டர் ஆளு. அலுத்துப் போய், ஒரு ஆராய்ச்சி நிலையத்துல ஒப்பந்த வேலை இருக்குன்னு ஒரு நண்பர் சொன்னதை நம்பிப் போய் அப்படியே ஒட்டிக்கிட்டவன். அங்க என் வேலை, அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள்ல இருக்கற ஒரு டிடெக்டரோட தரவைச் சுத்தம் பண்றது. 2015 செப்டம்பர் 28ல ஸ்ரீஹரிகோட்டாவிலேருந்து பி.எஸ்.எல்.வி. தூக்கிட்டுப் போனது அது. அஞ்சு வருஷம் உழைச்சா போதும்னு அனுப்பினாங்க, 2025 செப்டம்பர்ல பத்து வருஷம் முடிச்சுது. ஊருக்குப் போனா "டெலஸ்கோப்புல என்னடா பாத்தே, கருந்துளையா"ன்னு கேப்பாங்க. இல்லீங்க. நான் பாக்கறதெல்லாம் கருந்துளையிலேருந்து வராத ஐட்டங்கள்தான். பெருக்கித் தள்றது என் வேலை, கோலம் போடறது வேற ஆளுங்க.

கதைக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லிடறேன். வானத்துலேருந்து வர்ற எக்ஸ்-ரே தரைக்கு வராது, காத்து மண்டலமே உறிஞ்சிடும். அதனால டிடெக்டரை மேலே அனுப்பியே ஆகணும். நாங்க பாக்கற டிடெக்டர் காட்மியம், ஜிங்க், டெலூரியம் கலந்த படிகம். 64 சில்லுங்க, ஒவ்வொண்ணுலயும் 256 கட்டம், ஆக மொத்தம் 16,384 பிக்சல். ஒரு எக்ஸ்-ரே துகள் வந்து விழுந்தா அந்தப் பிக்சல்ல துளி மின்சாரம் பிறக்கும். எப்போ விழுந்துச்சு, எங்கே விழுந்துச்சு, எவ்வளவு ஆற்றல், இந்த மூணையும் குறிச்சுக்கும். இந்த ஆற்றல்ல வர்ற எக்ஸ்-ரேயை லென்ஸ் வெச்செல்லாம் குவிக்க முடியாது. மேலே ஓட்டை ஓட்டையா வெட்டின ஒரு டாண்டலம் தகடு இருக்கும். கீத்துக் கொட்டகை ஓட்டை வழியா தரையில விழற வெயில் வட்டத்தை வெச்சு சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லிடுவோமில்லையா, அந்த மாதிரி நிழலை வெச்சுக் கணக்கு போட்டுத்தான் எந்தத் திசையிலேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும்.

இதுல சங்கடம் என்னன்னா, கதவு தட்டினது யாருன்னு டிடெக்டருக்குத் தெரியாது. தட்டல் விழுந்துச்சு, அவ்வளவுதான். கோடி கோடி வருஷம் பயணம் பண்ணி வந்த விருந்தாளியும் தட்டுவார், தெருவுல விளையாடற வாண்டும் தட்டிட்டு ஓடும். எங்க இலக்குகள்ல பெரும்பாலானதுக்கு வாண்டுகளோட எண்ணிக்கைதான் ஜாஸ்தி.

இதை அப்பாகிட்ட சொன்னது ஜூலையில ஒரு நாள். வெளியே நல்ல மழை. பால்கனியில உக்காந்து காபி குடிச்சுட்டிருந்தோம். "அப்படி என்னதாண்டா வேலை பாக்கறே"ன்னு கேட்டார். சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "மாசம் பூரா குப்பையைத் தள்றதுக்கா இவ்வளவு சம்பளம்?"னார்.

"ஆமாப்பா."

"நானும் அதாண்டா பண்ணேன்."

அப்பா டெலிபோன் இலாகாவுல 34 வருஷம் இருந்தவர். லைன்மேனா சேந்து, கேபிள் ஜாயின்ட் போடறதுல கெட்டிக்காரர்னு பேர் வாங்கினவர். அந்தக் காலத்துக் கேபிள்ல ஒவ்வொரு செம்புக் கம்பிக்கும் காகிதம்தான் சுத்தியிருக்கும், மேலே ஈய உறை. உறையில ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை விழுந்தா போதும், மழைக்குத் தண்ணி இறங்கிக் காகிதம் ஊறி, லைன் பூரா கொர்ர்ருன்னு இரைச்சல், பக்கத்து வீட்டுப் பேச்சு நம்ம போன்ல. ஐப்பசி அடைமழையில அவர் வீட்டுக்கு வந்து படுத்ததா எனக்கு ஞாபகமே இல்ல.

"எங்கேருந்து இரைச்சல் வருதுன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?"

"ஒவ்வொண்ணா வாயை மூடுவேன். முதல்ல அவன் வீட்டுப் போனைக் கழட்டிட்டு என் டெஸ்ட் போனை மாட்டுவேன். இரைச்சல் நின்னுட்டா கோளாறு அவன் போன்ல. நிக்கலையா, அவன் வீட்டு வயரைக் கழட்டிட்டு டி.பி. பாக்ஸ்ல மாட்டுவேன். அப்புறம் பில்லர்ல. எதைக் கழட்டினா நிக்குதோ, அதாண்டா குத்தவாளி. இதுக்குப் போய் படிப்பெல்லாம் வேணுமா?"

நான் காபியைக் கீழ வெச்சுட்டேன். இதைத்தான் கோடி கோடியா செலவு பண்ணி எல்லாரும் மேலே பண்ணிட்டிருக்காங்க. 1999 டிசம்பர்ல ஐரோப்பாக்காரங்க அனுப்பின எக்ஸ்.எம்.எம்-நியூட்டன் டெலஸ்கோப்புல ஃபில்டர் சக்கரம்னு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு இடம் ஃபில்டரே இல்ல, மூடி. சக்கரத்தை அங்க திருப்பிட்டா வானம் தெரியாது. அப்பவும் டிடெக்டர் எண்ணிட்டே இருந்தா அதெல்லாம் வானத்து எக்ஸ்-ரே இல்லன்னு அர்த்தம். ஜப்பான்காரங்களோட சுசாகு, பூமியோட ராத்திரிப் பக்கத்தைப் பாத்துப் பின்னணியை அளந்துச்சு. பூமி குறுக்க நின்னு வானத்தை மறைச்சிடும் இல்லையா. எங்களுது மாதிரி மூடி இல்லாததுக்கு, முக்கியமா ஒண்ணும் இல்லாத காலி வானமா பாத்துத் திருப்பி, அதை அளந்து கழிப்போம்.

"சரி, மூடினப்புறமும் வருதே, அது யாரு?" அப்பா விடல.

அங்கதான் விஷயமே இருக்கு. முதல் ஆசாமி காஸ்மிக் கதிர். பேருதான் கதிரே தவிர, பெரும்பாலும் புரோட்டான். அண்டத்துல எங்கேயோ கிளம்பி அசுர வேகத்துல வர்றது. மூடியெல்லாம் அதுக்கு வாழை இலை மாதிரி, கிழிச்சுட்டுப் போயிடும். அது நேரா டிடெக்டர்ல விழணும்னுகூட அவசியமில்ல. செயற்கைக்கோளோட உடம்புல எங்கேயாவது மோதினா, அங்கேருந்து சிதறல் கிளம்பும், பட்டாசுச் சரம் மாதிரி. எங்க டிடெக்டர்ல ஒரே நொடியோட லட்சத்துல சில பங்கு நேரத்துக்குள்ள பல பிக்சல் மொத்தமா அலறும். ஆனா ஒழுங்கான எக்ஸ்-ரேங்க ரேஷன் கடை வரிசையில வர்ற மாதிரி தனித்தனியாத்தான் வரும், கும்பலா வராது. அதனால கும்பலா வந்தா வெட்டுன்னு ஒரு விதி. என் கோடோட பெரும்பகுதி இந்த வெட்டுக்கத்திதான்.

ரெண்டாவது ஆசாமி பிரேசில் பக்கத்து ஆகாசம். பூமியோட காந்தப்புலம் புரோட்டான்களைப் பிடிச்சு மேலே ஒரு பட்டையா கட்டி வெச்சிருக்கு. தெற்கு அட்லாண்டிக் மேல மட்டும் அந்தப் பட்டை தொப்பை மாதிரி கீழே தொங்குது. அந்த வழியா போனா டிடெக்டருக்குச் சித்தப்பிரமைதான். அதனால அங்க நுழையறப்ப கருவிகளோட வோல்டேஜை இறக்கிடுவாங்க, அப்ப எடுத்த தரவையும் தொடமாட்டோம். அஸ்ட்ரோசாட்டை 650 கி.மீ. உயரத்துல, பூமத்திய ரேகைக்கு வெறும் 6 டிகிரி சாய்வுல சுத்த விட்டதுக்கு முக்கியக் காரணமே இதுதான். தொப்பையோட ஓரத்தை மட்டும் உரசிட்டுப் போயிடும்.

மூணாவதுதான் மோசம். வீட்டு ஆளே திருடன். அந்தப் புரோட்டான்ங்க மோதி மோதி டிடெக்டர்ல இருக்கற அணுக்கள்ல சிலதையே கதிரியக்கமா மாத்திடும். தொப்பையைத் தாண்டி வந்தப்புறமும், மாசக்கணக்குல அது உள்ளுக்குள்ள கதிரை விட்டுட்டே இருக்கும். மேலே போறப்ப சாதுவா போன படிகம், பத்து வருஷத்துல தானே கொஞ்சம் மினுக்கற ஆளா ஆயிடுது.

இதுல நானே மூக்குடைபட்டிருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு நட்சத்திரத்தோட தரவுல பின்னணியைக் கழிச்சுட்டுப் பாத்தா, 88 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுல ஒரு சின்ன மேடு. ரெண்டு ராத்திரி தூங்கல. தங்கமணியை எழுப்பி "ஒண்ணு கண்டுபிடிச்சுட்டேன் போலருக்கு"ன்னு வேற சொன்னேன். (இன்னிக்கும் வீட்ல கறிவேப்பிலை டப்பா கிடைச்சா "ஒண்ணு கண்டுபிடிச்சுட்டேன் போலருக்கு"ன்னு எனக்குக் கேக்கற மாதிரி சொல்லிக் காட்டுவா.) மறுநாள் எங்க மேடம்கிட்ட காட்டினேன். மராட்டிக்கார அம்மா, பொறுமைசாலி. "எந்தக் காலத்துக் காலி வானத்தைக் கழிச்சே?"ன்னு மட்டும் கேட்டாங்க. ஏவின புதுசுல எடுத்ததைக் கழிச்சிருந்தேன். அப்போ படிகம் இன்னும் அவ்வளவா அடிபடல. அந்த 88, டெலூரியம். என் நட்சத்திரம் சொன்னதில்ல, படிகமே தன்னைப் பத்திச் சொன்னது. முகம் தொங்கிப் போச்சு எனக்கு. அவங்கதான் தேத்தினாங்க. 2014ல ரெண்டு பெரிய குழுக்கள் அண்டக் கூட்டங்களோட தரவுல 3.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுல ஒரு இனம் தெரியாத கோட்டைப் பாத்தாங்க. இருட்பொருளோட கையெழுத்தா இருக்குமோன்னு உலகமே பரபரத்துச்சு. 2016ல ஜப்பானோட ஹிட்டோமி ஒரு கூட்டத்தைத் துல்லியமா பாத்தப்ப, சொன்ன பலத்துல அந்தக் கோடு அங்க இல்ல. பெரியவங்களுக்கே அந்த கதின்னா நான் எம்மாத்திரம்.

சந்திரா கதையைச் சொல்லாம விட்டா மனசு கேக்காது. 1999 ஜூலை 23ல நாசா அனுப்பின டெலஸ்கோப், நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பேரைத்தான் அதுக்கு வெச்சாங்க. அது பாக்கற ஆற்றல்ல எக்ஸ்-ரேயைக் கண்ணாடியால குவிக்கலாம், ஆனா நேரா அடிச்சா ஊடுருவிப் போயிடும். ரொம்பச் சாய்வா உரசினாத்தான் திரும்பும். குளத்துல ஓட்டாஞ்சில்லை சாய்ச்சு எறிஞ்சா தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி. யாரும் எதிர்பாக்காதது என்னன்னா, ஆற்றல் குறைஞ்ச புரோட்டான்களும் அதே கண்ணாடியில அதே மாதிரி தத்திட்டு, கச்சிதமா கேமரா மேலயே போய் இறங்கிச்சுங்க. எக்ஸ்-ரேக்குப் போட்ட ராஜபாட்டையில திருடனும் வந்த கதை. முதல் சில வாரத்துலயே முன்பக்க வகைச் சில்லுங்க அடி வாங்கிடுச்சு. காரணத்தைக் கண்டுபிடிச்சதும், கதிர்ப்பட்டையைத் தாண்டறப்பல்லாம் கேமராவைக் குவியத்துலேருந்து தள்ளி ஓரமா வைக்க ஆரம்பிச்சாங்க. செலவில்லாத வைத்தியம். இன்னொரு லாபம், அப்படி ஓரமா ஒதுங்கி நிக்கறப்ப எண்றது வானம் இல்லாத பின்னணியா கிடைச்சுது.

"மழை வந்தா டெஸ்ட் போனைச் சட்டைக்குள்ள வெச்சுப்பேன்"னார் அப்பா. புரிஞ்சுதான் சொன்னார்னு நினைக்கறேன்.

இப்ப வெட்டுக்கத்தியோட இன்னொரு பக்கம். எதைக் குப்பைன்னு சொல்றதுங்கறது, நாம எதைத் தேடறோம்ங்கறதைப் பொறுத்தது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் ரெண்டுல மட்டும் ஒரே நேரத்துல தட்டல் விழும். தனித்தனியா வர்றதுதான் நல்லதுன்னு பாத்தா இது குப்பை. ஆனா ஆற்றல் ஜாஸ்தியான எக்ஸ்-ரே ஒரு பிக்சல்ல மோதி, சிதறி, பக்கத்துப் பிக்சல்ல போய் அடங்கினாலும் இதே மாதிரிதான் தெரியும். எந்தப் பக்கம் சிதறுதுன்னு ஆயிரக்கணக்குல எண்ணினா, வந்த கதிரோட முனைவாக்கம் தெரிஞ்சிடும். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்துக்காரங்க தலைமையில ஒரு குழு, இந்த ஜோடித் தட்டல்களை எண்ணித்தான் நண்டு நெபுலாவையும் நடுவுல இருக்கற துடிப்பு விண்மீனையும் அளந்து 2017ல வெளியிட்டாங்க. ஒழுங்குங்கற பேர்ல ஜோடிகளையெல்லாம் வெட்டி எறிஞ்சிருந்தா அது போயிருக்கும்.

இன்னொண்ணு, 2015 அக்டோபர் 6. கருவியை முதல்முதலா முடுக்கின அன்னிக்கே எண்ணிக்கை திடீர்னு எகிறி இறங்கிச்சு. பாத்துட்டிருந்த திசையிலேருந்து வந்ததில்ல அது. 60 டிகிரிக்கு மேல தள்ளி, பக்கச் சுவரையே ஊடுருவிட்டு வந்தது. ஒரு காமா கதிர் வெடிப்பு. திசை தப்பி வந்ததெல்லாம் பின்னணின்னு தள்ளியிருந்தா? தள்ளலை. அந்த வழியிலயே அதுக்கப்புறம் 500க்கும் மேல பிடிச்சாச்சு.

இதெல்லாம் ஆபீஸ்ல எனக்கு மனப்பாடம். மேடம் வாரத்துக்கு ஒரு தரம், "வெட்டறதுக்கு முன்னாடி அது என்னன்னு ஒரு தரம் பாரு"ம்பாங்க. தலையாட்டிட்டு வீட்டுக்கு வருவேன்.

வீட்ல நடந்தது இது. ஜூலைக் கடைசியில அப்பா "காதுக்குள்ள ஙொய்ய்னு ஒரே இரைச்சல், ராத்திரியில ஜாஸ்தி"ன்னார். பக்கத்து பில்டிங் மோட்டாரா, எங்க ஃப்ரிட்ஜான்னு தேடிட்டு, காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் பாத்துட்டு, வெளியில ஒரு சத்தமும் இல்ல, காது மந்தமானவங்க நிறைய பேருக்கு வர்றதுதான், கேக்கற நரம்பும் மூளையும் தானா உண்டு பண்ணிக்கற இரைச்சல், பயப்பட ஒண்ணுமில்லன்னார். மூடி போட்டப்புறமும் எண்ணிட்டிருக்கற டிடெக்டர்! எனக்கு உடனே பிடிபட்டுப் போச்சு. பிடிபட்டதுதான் தப்பாப் போச்சு.

ஆகஸ்ட் நடுவுல "ராத்திரி தண்ணி ஓடற சத்தம் கேக்குதுடா"ன்னார்.

"அதான்பா டாக்டர் சொன்னாரே, அந்த இரைச்சல்தான்."

"அது வேறடா. இது சர்ர்ருன்னு."

"ரெண்டும் ஒண்ணுதான்பா. மனசுல போட்டுக்காதீங்க, தூங்குங்க."

ஒரு வாரம் கழிச்சு திரும்பச் சொன்னார். தங்கமணி எழுந்து போய், "இருங்க மாமா, நான் பாக்கறேன்"னு ரூம் நடுவுல நின்னு கேட்டுப் பாத்தா. ஃபேன் சத்தம்தான் கேட்டுது. மூணாவது தரம் சொன்னப்ப நான் லேப்டாப்லேருந்து தலையைக்கூடத் தூக்கல, "அதேதான்பா"ன்னேன். அதுக்கப்புறம் அவர் சொல்லல. சரியாயிடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அக்டோபர் நடுவுல கீழ் வீட்டுக் காக்கூ வந்து கதவைத் தட்டினாங்க. அவங்க பெட்ரூம் சீலிங்ல ஒரு ஈரத் திட்டு. மழைக்காலம் பூரா ஓதம்னு நினைச்சு விட்டுட்டாங்களாம். மழை நின்னு பத்து நாளாச்சு, திட்டு காயறதுக்குப் பதிலா வளருது. நேரா மேலே எங்க பாத்ரூம். பிளம்பர் வந்து டைல்ஸைப் பேத்துப் பாத்தார். கீஸருக்குப் போற பைப்புல, சுவருக்குள்ள, குண்டூசித் தலை அளவு ஓட்டை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவோட கட்டில் தலைமாடு. ரூம் நடுவுல ஃபேனுக்குக் கீழே நின்னா எப்படிக் கேக்கும்?

ரெண்டு வீட்டுச் செலவும் சேத்து நாப்பதாயிரத்தை நெருங்கிச்சு. அது போகட்டும். அன்னிக்கு ராத்திரி நான் அப்பா ரூமுக்குப் போய் கட்டில்ல உக்காந்தேன்.

"ஏம்பா திரும்பச் சொல்லல?"

"நீதான் ஒண்ணுமில்லன்னியே."

கோவமாவும் சொல்லல. தலையணைக்குக் கீழேருந்து ஒரு பழைய டைரியை எடுத்துக் குடுத்தார். பாத்தா, அந்தக் காலத்துல புகார் புத்தகம் எழுதுவாரே, அதே மாதிரி கோடு போட்டுத் தேதி, நேரம், குறிப்பு. இரைச்சல் 1, இரைச்சல் 2ன்னு பேர் வேற. "மெஷின் போட்டு: 1, 2. மெஷின் கழட்டி: 1 மட்டும்." "சுவரோரம்: 2 ஜாஸ்தி. ஜன்னலோரம்: 2 இல்லை." நடுவுல ரெண்டு நாள், சொசைட்டியில டேங்க் கழுவறதுக்காக மெயின் வால்வை மூடியிருந்தாங்க. அந்த ரெண்டு தேதிக்கும் நேரா, "தண்ணி இல்லை. 2 இல்லை." அடியில பேனாவால ஒரு கோடு.

ஆகஸ்ட் 20லேருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் எழுதியிருந்தார். ராத்திரி மூணு மணிக்கு, தனியா எழுந்து உக்காந்து, மெஷினை மாட்டிக் கழட்டி மாட்டிக் கழட்டி. எங்கிட்ட காட்டறதுக்காகத்தான் எழுதியிருக்கணும். செப்டம்பர்ல ஒரு நாள் டைரியைக் கையில வெச்சுட்டு என் ரூம் வாசல்ல நின்னார், நான் காதுல ஹெட்போனோட மீட்டிங்ல இருந்தேன், கையைக் காட்டி அப்புறம்னேன். அது இப்ப ஞாபகம் வருது.

என்ன சொல்றதுன்னு தெரியல. "தப்புதான்பா"ன்னேன். "பைப்பு என்ன பிராண்டு போட்டிருக்கான்? செம்பா, பிளாஸ்டிக்கா?"ன்னு கேட்டார்.

இப்பல்லாம் சாயங்காலம் பால்கனியில அவர் கேள்வி கேக்கறார், நான் பதில் சொல்றேன். போன வாரம் படுக்கப் போறப்ப கேட்டார்.

"ஏண்டா, காலி வானத்தை அளந்து கழிக்கறோம்னியே. அது காலின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இது சும்மா கேள்வி இல்ல. உற்சாகமாயிட்டேன். 1962 ஜூன் 18ல ஜியாக்கோனி குழு ஒரு ராக்கெட்டை மேலே விட்டு, ஆறு நிமிஷத்துக்கும் கம்மியான நேரத்துல விருச்சிக ராசிப் பக்கம் ஒரு பிரகாசமான மூலத்தைக் கண்டுபிடிச்சாங்க. கூடவே எந்தப் பக்கம் திரும்பினாலும் சீரா ஒரு எக்ஸ்-ரே மங்கல், வானம் பூரா. ரொம்ப வருஷம் அது என்னன்னே தெரியல, பின்னணின்னு மட்டும் பேர். அப்புறம் சந்திரா போய் ஒரு துளி இடத்தையே நாள்கணக்கா உத்துப் பாத்தப்ப, அந்த மங்கலோட பெரும்பகுதி புள்ளி புள்ளியா பிரிஞ்சு நின்னுச்சு. ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் ஒரு தூரத்து அண்டத்தோட நடுவுல இருக்கற ராட்சசக் கருந்துளை. ஆக நாங்க தினம் அளந்து கழிக்கற காலி வானம்...

இவ்வளவையும் மூச்சு விடாம சொல்லிட்டு நிமிந்தேன். அப்பா சிரிச்சுட்டே காதைத் தொட்டுக் காட்டினார். டப்பா மூடி கையில இருந்துச்சு.

"நாளைக்குச் சொல்லுடா. மெஷினைக் கழட்டிட்டேன்."